புள்ளியில்லாத ஏடு

நீல முகடு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு முகடு நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தக் கொடுத்தால், ஒரு சின்ன மலைத்தொடர் மாதிரி படம் வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முகடு, ஒவ்வொரு முகட்டுக்கும் ஒரு நிறம். ஏ என்றால் பச்சை, ஜி கறுப்பு, சி நீலம், டி சிவப்பு. தேயிலையின் பசுங்கணிக (குளோரோபிளாஸ்ட்) மரபணு ஒன்றை நான் வரிசைப்படுத்தியிருந்தேன். ஏற்கெனவே பதிவாகியிருக்கும் தேயிலை மரபணுத் தொகுதியோடு அதை வரிக்கு வரி ஒத்துப் பார்க்கும்போதுதான் இது கண்ணில் பட்டது. அங்கே சி, என்னுடையதில் டி. கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்திலும் சி-க்குப் பதில் டி. அப்புறம் இன்னும் ஒன்று. மற்றதெல்லாம் அச்சு அசலாகப் பொருந்தியது.

அப்போது நான் கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட். வறட்சிக் காலத்தில் தேயிலை இலைக்குள் சில பசுங்கணிக மரபணுக்கள் எந்த அளவுக்கு வேலை செய்கின்றன என்று அளப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. அந்த வேலைக்கு நான்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். காரணம் எளிது. வால்பாறையில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள் நான். அம்மா முப்பது வருடம் கொழுந்து கிள்ளியவர். அந்தச் செடிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு வந்தால் விட்டுவிட முடியுமா?

தேயிலையில் ஆர்.என்.ஏ. எடுப்பது எவ்வளவு பாடு என்று அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். தேநீருக்கு நிறமும் துவர்ப்பும் தரும் பாலிஃபீனால்கள்தான் நமக்கு எதிரி. இலையை அரைத்த கணமே அவை காற்றுபட்டுக் கறுத்து, ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கிள்ளிய கொழுந்தை அங்கேயே திரவ நைட்ரஜனில் போட்டுவிட வேண்டும். நைட்ரஜன் கேனைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு 40 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி ஆழியாறு வந்து, பொள்ளாச்சி வழியாகக் கோவை வர வேண்டும். ஆய்வகத்தில் கல்லுரலை நைட்ரஜன் ஊற்றிக் குளிர வைத்து, இலை கண்ணாடி மாதிரி நொறுங்கும்போது மாவாக அரைக்க வேண்டும். பிறகு 65 டிகிரிச் சூட்டில் ஒரு கரைசல். அதில் சேர்க்கும் மெர்காப்டோ எத்தனாலின் நாற்றம் துப்பட்டாவில் இரண்டு நாள் இருக்கும். எல்லாம் முடிந்து குழாயின் அடியில் வெள்ளையாக ஒரு துளி படிந்தால் அன்றைக்கு நல்ல நாள். பழுப்பாகப் படிந்தால் திரும்ப முதலிலிருந்து.

அப்படிப் பாடுபட்டு எடுத்த ஆர்.என்.ஏ.விலிருந்து செய்த டி.என்.ஏ. நகலில்தான் இந்த எழுத்து மாற்றங்கள். கை தவறிவிட்டது என்றே நினைத்தேன். வேறு செடியின் மாதிரி கலந்துவிட்டதோ, நகலெடுக்கும் நொதி பிழை விட்டதோ, பழைய கரைசலோ. யாரிடமும் சொல்லாமல் மூன்று வாரம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தேன். புது இலை, புது கரைசல், மூன்று வெவ்வேறு செடிகள். மூன்றிலும் அதே இடங்களில் அதே சிவப்பு முகடுகள். ஓர் இடத்தில் மட்டும் நீலமும் சிவப்பும் ஒன்றின்மேல் ஒன்றாக, இரண்டும் பாதி உயரத்தில்.

கடைசியில் எங்கள் மேடத்திடம் காட்டினேன். அழுதுவிடும் நிலையில் இருந்தேன் என்பதை மறைக்கவில்லை. அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாமே சி-யிலிருந்து டி-யா? ஒண்ணுகூட வேற மாதிரி இல்லையா?" என்றார். இல்லை என்றேன். "நொதி பிழை விட்டா இப்படியா ஒரே பக்கமா விடும்? அதே இலையிலருந்து டி.என்.ஏ. எடுத்து, அதையும் வரிசைப்படுத்திப் பாரும்மா" என்றார்.

பார்த்தேன். அதே இலை, அதே மரபணு. டி.என்.ஏ.வில் நீலம், ஆர்.என்.ஏ.வில் சிவப்பு. மாதிரி மாறியிருக்குமோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. இந்த மரபணுவின் நடுவில் ஏறக்குறைய 700 எழுத்து நீளத்துக்கு வெட்டி எறியப்படும் பகுதி ஒன்று உண்டு. துண்டுகளை நீளத்தின்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட விட்டபோது டி.என்.ஏ. பட்டை மேலேயும், அந்த 700 எழுத்தும் போன ஆர்.என்.ஏ. நகல் கீழேயும் தனித்தனியாக நின்றன. இரண்டும் அவையவைதான்.

தவறு என்னுடையது இல்லை. அது தவறே இல்லை. செடி தன் மரபணுவை நகலெடுத்த பிறகு, அந்த நகலில் சில எழுத்துகளைத் தேடிப் போய் மாற்றுகிறது. இதற்கு ஆர்.என்.ஏ. திருத்தம் என்று பெயர்.

பள்ளிப் பாடத்தில் படித்ததை ஒரு நிமிடம் நினைவுபடுத்திக்கொள்ளலாம். டி.என்.ஏ.வில் எழுதியிருப்பது ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கப்படும், ஆர்.என்.ஏ.வை மும்மூன்று எழுத்தாகப் படித்துப் புரதம் செய்யப்படும். டி.என்.ஏ.வின் டி என்ற எழுத்து ஆர்.என்.ஏ.வில் யு என்று வரும். பசுங்கணிகத்துக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் உட்கருவில் இருப்பதைத் தவிரத் தனியாக மரபணுத் தொகுதி உண்டு. ஒரு காலத்தில் இவை தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்கள், வேறொரு செல்லுக்குள் குடியேறியவை. தேயிலையின் பசுங்கணிகத் தொகுதி ஏறக்குறைய 1,57,000 எழுத்து, மைட்டோகாண்ட்ரியாவுடையது அதைவிடப் பல மடங்கு. உட்கருவில் இருக்கும் 300 கோடியோடு ஒப்பிட்டால் இவை சின்னக் குறிப்பேடுகள். திருத்தம் இந்தக் குறிப்பேடுகளில்தான் நடக்கிறது.

நான் பார்த்துக்கொண்டிருந்த மரபணுவின் பெயர் என்.டி.எச்-பி. பூக்கும் தாவரங்களின் பசுங்கணிகத்தில் பொதுவாக அதிகத் திருத்தம் நடப்பது இதில்தான். டி.என்.ஏ.வில் டி.சி.ஏ. என்று இருந்தால் செரின் என்ற அமினோ அமிலம் வர வேண்டும். நகலில் நடு எழுத்து யு ஆகிவிடுவதால் யு.யு.ஏ. ஆகி லூசின் வருகிறது. செரினுக்குத் தண்ணீர் பிடிக்கும், லூசினுக்கு ஆகாது. சவ்வுக்குள் புதைந்து கிடக்க வேண்டிய புரதத்தில் இது சின்ன விஷயம் இல்லை. வேறு தாவரங்களில் அதே இடத்தைப் பார்த்தால் டி.என்.ஏ.விலேயே லூசின் எழுதியிருக்கும். சுற்றி வளைத்து, எல்லாச் செடிகளும் ஒரே புரதத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

அந்த வாரம் விடுதி அறைக்குப் போனதும் இதை என் அறைத்தோழியிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் சுவடியியல் படித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் அவள் ஆச்சரியப்படவே இல்லை. தன் கணினியைத் திருப்பி ஓர் ஓலையின் படத்தைக் காட்டினாள்.

"இதைப் படி."

படிக்க முடியவில்லை. எழுத்துகள் தெரிகின்றன, சொல் பிடிபடவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், அதனால் வைப்பதில்லை. 'எரி' என்று எழுதியிருந்தால் அது எரியாகவும் இருக்கலாம், ஏரியாகவும் இருக்கலாம். துணைக்காலும் ரகரமும் ஒரே கோடு. 'கா' என்பதும் 'கர' என்பதும் பார்வைக்கு ஒன்றுதான். சொல் பிரித்து எழுதும் வழக்கமும் இல்லை. அவள் விரலை வைத்துக்கொண்டு கடகடவென்று படித்தாள். எங்கே புள்ளி வர வேண்டும், எங்கே நெடில், எங்கே சொல் முடிகிறது என்று முன்னாலும் பின்னாலும் இருக்கும் எழுத்துகளைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது.

"அப்ப எழுதினவர் தப்பா எழுதிட்டாரா?" என்று கேட்டேன்.

"இல்லையே. படிக்கிறவனுக்குத் தெரியும்னு எழுதியிருக்கார்" என்றாள்.

அன்றிலிருந்து நான் தேயிலையின் பசுங்கணிகத்தை வேறு மாதிரி நினைக்க முடிந்ததில்லை. ஆர்.என்.ஏ. திருத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'மரபணுவில் உள்ள பிழையைச் செடி சரிசெய்கிறது' என்று எழுதுவார்கள். எனக்கு அந்த வாசகம் ஒப்பவில்லை. படிப்பவர் கூடவே இருக்கிறார் என்ற தைரியத்தில் புள்ளி வைக்காமல் எழுதிய ஏடு அது.

மனிதர்களுக்கு இது புரிய வெகு நாள் ஆயிற்று. 1981-இல் தாமஸ் ஃபாக்ஸும் கிறிஸ்டோபர் லீவரும் மக்காச்சோளத்தின் மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றை வரிசைப்படுத்தினார்கள். மற்ற உயிர்களில் ட்ரிப்டோபான் இருக்கும் இடங்களில், மக்காச்சோளத்தில் சி.ஜி.ஜி. என்ற எழுத்துகள் இருந்தன. எல்லோருக்கும் தெரிந்த அகராதிப்படி அது அர்ஜினின். அதனால், தாவர மைட்டோகாண்ட்ரியாவின் அகராதியே வேறு, அங்கே சி.ஜி.ஜி. என்றால் ட்ரிப்டோபான் என்று முடிவு கட்டினார்கள். கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவு. எட்டு வருடம் அது நின்றது.

நடுவில், 1986-இல் ஆம்ஸ்டர்டாமில் ரோப் பென்னே குழுவினர் ட்ரிப்பனோசோம் வகை ஒட்டுண்ணிகளின் மைட்டோகாண்ட்ரியாவில், மரபணுவில் இல்லாத நான்கு யு எழுத்துகள் ஆர்.என்.ஏ.வில் செருகப்பட்டிருப்பதைக் கண்டார்கள். 'திருத்தம்' என்ற பெயர் அங்கேதான் பிறந்தது. 1989-இல் கனடாவில் பேட்ரிக் கோவெல்லோவும் மைக்கேல் கிரேயும், ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு குழு, பெர்லினில் ஆக்ஸல் பிரென்னிக்கேவின் குழு என்று மூன்று குழுவினரும் தனித்தனியே தாவர மைட்டோகாண்ட்ரியாவில் இதையே கண்டுபிடித்து வெளியிட்டார்கள். சி.ஜி.ஜி. உண்மையில் அர்ஜினின்தான், ஆனால் அது படிக்கப்படும் நேரத்துக்குள் முதல் எழுத்து மாறி யு.ஜி.ஜி. ஆகிவிடுகிறது, அதாவது ட்ரிப்டோபான். அகராதி எல்லோருக்கும் ஒன்றேதான். 1991-இல் ஹான்ஸ் கோசெல் குழுவினர் மக்காச்சோளப் பசுங்கணிகத்திலும் இதைக் காட்டினார்கள். அங்கே ஒரு மரபணுவுக்குத் தொடக்க எழுத்தே கிடையாது. ஏ.சி.ஜி. என்று இருப்பதை ஏ.யு.ஜி. ஆக்கினால்தான் புரதம் செய்யத் தொடங்கவே முடியும்.

இதை நான் படித்தபோது என் மூன்று வார அவஸ்தை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கூடவே ஒரு கவலையும் வந்தது. இன்றைக்குத் தரவுத்தளத்தில் இருக்கும் டி.என்.ஏ. வரிசையை எடுத்து, அப்படியே கணினியில் புரதமாக மாற்றி, அதை வைத்து முடிவு சொல்கிறவர்கள் நிறைய. பசுங்கணிக மரபணுவிலும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவிலும் அப்படிச் செய்தால், ஓலையில் இருப்பதைப் புள்ளியில்லாமல் அப்படியே அச்சிட்டது மாதிரிதான். ஆர்.என்.ஏ.வைப் பார்க்காமல் அந்தப் புரதத்தை நம்பக் கூடாது.

சரி, செடிக்குள் யார் படிப்பது? அதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம்.

வேதியியலில் வேலை எளிது. சி என்ற எழுத்தின் உடலில் ஓர் அமினோ தொகுதி இருக்கிறது. அதைக் கழற்றினால் யு. கஷ்டம் எங்கே என்றால், ஓர் ஆர்.என்.ஏ.வில் நூற்றுக்கணக்கான சி இருக்கும்போது இந்த ஒரு சி-யை மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில். அதற்கென்று செடிகளிடம் ஒரு பெரும் புரதக் குடும்பம் இருக்கிறது. பி.பி.ஆர். புரதங்கள் என்பார்கள். சுமார் 35 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டு, மணி கோத்த மாதிரி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு மணியும் ஆர்.என்.ஏ.வின் ஓர் எழுத்தைத் தொட்டுப் பார்க்கும். எந்த மணி எந்த எழுத்தைப் பிடிக்கும் என்பதை அதில் இருக்கும் இரண்டு குறிப்பிட்ட அமினோ அமிலங்கள் முடிவு செய்கின்றன. 2012-இல் ஆலிஸ் பார்க்கன் குழுவினர் இந்தக் குறியீட்டை உடைத்தார்கள். திருத்த வேண்டிய சி-க்கு முன்னால் இருக்கும் இருபது சொச்ச எழுத்துகளை இந்த மாலை விரல் வைத்துத் தடவிப் பார்க்கிறது. எல்லாம் பொருந்தினால், மாலையின் வால்பக்கம் சரியாக அந்த சி-யின் மேல் வந்து நிற்கும். அந்த வாலில்தான் அமினோவைக் கழற்றும் கருவி இருக்கிறது.

என் அறைத்தோழி ஓலையின் மேல் விரல் வைத்துப் படித்தது எனக்கு உடனே கண் முன்னால் வந்தது. முன்னால் இருக்கும் எழுத்துகளை வைத்தே அடுத்ததை முடிவு செய்வது.

ஓர் இடத்துக்கு ஒரு ஆள் என்கிற மாதிரிதான் ஏற்பாடு. 2005-இல் ஜப்பானில் தோஷிஹாரு ஷிகனாய் குழுவினர் முதன்முதலில் அப்படி ஓர் ஆளைப் பிடித்தார்கள். அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் அந்தப் புரதம் இல்லாவிட்டால், பசுங்கணிகத்தில் ஒரே ஒரு தொடக்க எழுத்து மட்டும் திருந்தாமல் நின்றுவிடுகிறது. சில புரதங்கள் இரண்டு மூன்று இடங்களையும் கவனித்துக்கொள்கின்றன. ஆனாலும் அரபிடாப்சிஸிடம் சுமார் 450 பி.பி.ஆர். புரதங்கள். மனிதனிடம் 7. அந்தச் செடியின் மைட்டோகாண்ட்ரியாவில் புரதத்துக்கான பகுதிகளில் மட்டும் 441 இடங்கள் திருத்தப்படுகின்றன என்று 1999-இல் எண்ணிச் சொன்னார்கள். பசுங்கணிகத்தில் பொதுவாகப் பூக்கும் செடிகளுக்கு 30, 40 இடங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏடு இருப்பது பசுங்கணிகத்தில். படிப்பவரைச் செய்யும் மரபணு இருப்பது உட்கருவில். இரண்டும் வேறு வேறு வீடு. தேயிலையில் பசுங்கணிகம் தாய்ச்செடி வழியாக வருகிறது. உட்கருவோ தாய், தகப்பன் இரண்டின் கலவை. ஏட்டையும் படிப்பவரையும் பிரித்துவிட்டால் என்ன ஆகும்?

இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். 1994-இல் ரால்ஃப் போக், கோசெல், பால் மலிகா ஆகியோர் பசலைக் கீரையின் பசுங்கணிக மரபணுத் துண்டு ஒன்றைப் புகையிலையின் பசுங்கணிகத்தில் வைத்தார்கள். பசலையில் அந்த இடம் திருத்தப்படும். புகையிலையின் டி.என்.ஏ.விலேயே சரியான எழுத்து இருப்பதால், அந்த இடத்தைப் படிக்கும் ஆள் அதனிடம் இல்லை. திருத்தம் நடக்கவில்லை. செடி வெளிறி, மெதுவாக வளர்ந்தது. 2005-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புகையிலையின் பசுங்கணிகமும் அதன் உறவுச் செடியான பெல்லடோனாவின் உட்கருவும் சேர்ந்த செல்லிலிருந்து செடி வளர்த்தால் அது நிறமின்றி வெளுத்துப்போகும் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஏன் என்பதற்கு விடை கிடைத்தது அப்போதுதான். ஒரே ஒரு மரபணுவில், ஒரே ஒரு சி திருத்தப்படவில்லை. புகையிலை ஏட்டின் அந்த எழுத்தைப் பெல்லடோனாவால் படிக்கத் தெரியவில்லை.

இரண்டு செடிகளும் தனித்தனியே பச்சைப் பசேலென்று ஆரோக்கியமானவை. எந்த மரபணுவிலும் கோளாறு இல்லை. ஓர் எழுத்துக்குப் படிப்பவர் இல்லாததால் இலை வெளுத்துவிட்டது. இந்த ஆய்வைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

தேயிலையிலும் வெள்ளை இலை உண்டு. சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஆன்ஜி என்ற ஊர். அங்கே ஒரு ரகத்தில் வசந்த காலத் துளிர் ஏறக்குறைய வெள்ளையாக வரும். குளிர் குறைந்து வெயில் ஏற ஏற அதே இலை பச்சையாகிவிடும். வெளுத்த நாட்களில் இலைக்குள் பசுங்கணிகம் சரியாக உருவாகியிருக்காது. ஆனால் அமினோ அமிலங்கள் நிறைந்திருக்கும். அதனால் அந்தத் தேநீருக்கு ஒரு தனி இனிப்பு, நல்ல விலை. இந்த மாதிரி வெளிர் இலை ரகங்களில் பி.பி.ஆர். புரதங்களும் ஆர்.என்.ஏ. திருத்தமும் எப்படி மாறுகின்றன என்று சீன ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தேடலில் அவசரப்படக் கூடாது என்பது என் எண்ணம். பசுங்கணிகம் நோஞ்சானாக இருந்தால் திருத்தமும் குறையும். திருத்தம் குறைந்தால் பசுங்கணிகமும் நோஞ்சானாகும். எது முதலில் என்று பிரித்துச் சொல்ல, புகையிலையில் செய்தது போல ஒவ்வோர் எழுத்தாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும். தேயிலை வருடக்கணக்கில் வளரும் மரம். அதில் அந்த மாதிரி சோதனை எளிதாக முடிகிற காரியம் இல்லை.

இவ்வளவு சுற்று எதற்கு, நேரே டி.என்.ஏ.விலேயே டி என்று எழுதிவிட்டால் என்ன? இதை என்னிடம் முதலில் கேட்டது அம்மாதான். "ஒவ்வொரு வாட்டியும் திருத்துறதுக்குப் பதிலா ஒரே வாட்டி மூலத்துல திருத்திட்டா வேலை மிச்சம்தானே பாப்பா?"

கோவெல்லோவும் கிரேயும் 1993-இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். முதலில் வந்தது பிழை இல்லை, திருத்துகிறவர். வேறு வேலைக்காக இருந்த ஏதோ ஒரு நொதிக்கு, ஆர்.என்.ஏ.வில் சி-யை யு ஆக்கும் திறன் தற்செயலாக வாய்த்தது. அது இருக்கும் வரை, டி.என்.ஏ.வில் ஒரு டி தவறிப்போய் சி ஆனாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது. அதனால் அந்த மாற்றங்கள் களையப்படாமல் தங்கிவிட்டன. ஒன்று, பத்து, நூறு என்று சேர்ந்த பிறகு திருத்துகிறவரை அனுப்ப முடியாது. அவர் போனால் ஏடு முழுவதும் படிக்க முடியாமல் போகும். லாபம் என்று எதுவும் இல்லாமலே ஒரு பெரும் ஏற்பாடு இப்படி நிலைத்துவிடலாம் என்கிறது அந்த விளக்கம். தண்ணீரை விட்டுத் தரையேறிய முதல் தாவரங்கள் கடும் புற ஊதாக் கதிரில் எழுத்து சிதைந்ததைச் சமாளிக்கவே இது வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. நீரில் வாழும் பாசிகளில் இந்தத் திருத்தம் கிடையாது, தரைத் தாவரங்களில் உண்டு என்பது அவர்களுக்குத் துணை. எனக்கு முதல் விளக்கம்தான் மனத்துக்குப் படுகிறது. ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டார்கள். விட்டும் படிக்க முடிந்ததால் நூற்றாண்டுகளுக்கு விட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, போன தடவை ஊருக்குப் போனபோது தேயிலைக் காட்டுக்கு ஏறும் வழியில் இருக்கும் கல்கட்டுக்கு அழைத்துப் போனேன். மழை நின்று நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கல்லிடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கீழ் வரிசையில் தட்டைத் தட்டையாக, பச்சைத் தோல் ஒட்டினாற்போல் ஈரலுருத் தாவரம், மார்க்கான்ஷியா. அதற்கு ஒரு சாண் மேலே, சின்னச் செதில் செதிலாகச் செலாஜினெல்லா. கல்கட்டின் மேல் விளிம்பில் வேர் தெரிய நிற்கும் கிழட்டுத் தேயிலை, கவாத்து பண்ணிப் பண்ணித் தண்டு முண்டுமுடிச்சாக இருந்தது.

"இதுல எத்தனை எழுத்து மாத்துது தெரியுமாம்மா?" என்று மார்க்கான்ஷியாவைக் காட்டினேன். "ஒண்ணுகூட இல்லை. இதோட முன்னோர்கிட்ட இருந்துச்சு. இது எல்லாத்தையும் மூலத்துலயே எழுதி வச்சுட்டு, திருத்தறதையே விட்டுடுச்சு." நீங்க சொன்னதை இந்த ஒரு கூட்டம் மட்டும் செய்திருக்கிறது என்றேன். பிறகு செலாஜினெல்லா. அதில் ஓர் இனத்தின் பசுங்கணிகத்தில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட இடங்களில் திருத்தம். எழுதியது ஒன்று, படிப்பது வேறு என்று சொல்லும் அளவுக்கு. தேயிலை இரண்டுக்கும் நடுவில்.

அம்மா மார்க்கான்ஷியாவை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் செலாஜினெல்லாவை. "ஒரே செவுரு, ஒரே தண்ணி" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அங்கிருந்து நர்சரிக்குப் போனோம். ஓய்வு பெற்ற பிறகும் அம்மாவுக்கு அங்கே போகாமல் இருக்க முடியாது. பாலிதீன் பைகளில் வரிசை வரிசையாக நாற்றுகள். ஒரு கணு, ஒரு இலை, அதற்குக் கீழே ஒரு விரல்நீளத் தண்டு. கத்தியால் சாய்வாக ஒரே வெட்டு. சைனா ஜாட், அசாம் ஜாட் என்று விதையில் முளைத்த பழைய செடிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. வெட்டி வைத்துப் பதியம் போட்ட உபாசி-3, உபாசி-9 என்ற ரகங்கள் ஒவ்வொன்றும் காடு முழுவதும் ஒரே செடிதான். ஏடு, படிப்பவர் இரண்டும் அந்த ஒற்றை இலையோடு பிரியாமல் வந்துவிடுகின்றன. அதனால் அங்கே திருத்தம் குழம்புவதற்கில்லை. ஆனால் வெயிலில்?

என் படத்தில் நீலமும் சிவப்பும் பாதிப்பாதியாக நின்ற இடத்தை நான் இன்னும் விடவில்லை. அந்த நேரத்தில் அந்த இலையில் சில நகல்கள் திருத்தப்பட்டும் சில அப்படியேயும் இருந்தன என்பதுதான் அதற்குப் பொருள். புகையிலையில் இதே என்.டி.எச்-பி மரபணுவின் திருத்தம் வெப்பத்துக்கு ஏற்ப மாறுவதை 2002-இலேயே காட்டியிருக்கிறார்கள். மக்காச்சோளத்திலும் சூடு ஏறினால் சில இடங்களில் திருத்தம் குறைகிறது. என்.டி.எச். வகை மரபணுக்கள் மொத்தம் 11. அவை செய்யும் புரதக் கூட்டமைப்பு இல்லாமலும் சாதாரண நாட்களில் செடி ஒப்பேற்றிவிடும். வறட்சி, கடும் வெளிச்சம் என்று வரும்போதுதான் அதன் அருமை தெரியும். மலையில் பிப்ரவரி, மார்ச் வெயில் எப்படிக் காயும் என்று அங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து நின்றுபோய், பஞ்சி (வளராமல் நின்ற அரும்பு) விழுந்து, இலை ஓரம் சுருளும். அந்த நாட்களில் ஒரே செடியின் அரும்பிலும், முதல் இலையிலும், இரண்டாம் இலையிலும், கீழே முற்றிய இலையிலும் அந்த ஓர் எழுத்து எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மழைக்குப் பின் அதே செடியில் திரும்பவும்.

அதற்குத்தான் இந்த மார்ச்சில் போயிருந்தேன். காலை பதினொரு மணி, வெயில் ஏறிவிட்டது. பத்துச் செடிகளுக்குச் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்தேன். நான் கிள்ளியபோது காம்பு நசுங்கியது. நசுங்கினால் அந்த இடம் உடனே கறுக்கும். "தள்ளு" என்று அம்மா முன்னால் வந்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பட்டது தெரியவில்லை, அரும்பு கையில் இருந்தது. அதை அலுமினியத் தாளில் வைத்து மடித்துக் கொடுத்தார். பேனாவால் எண் எழுதிக் கேனுக்குள் இறக்கினேன். வெண்புகை எழும்பி அடங்கியது. அம்மா அடுத்த இலையை நீட்டிக்கொண்டிருந்தார்.